ஈயமில்லாத சன்னம்

பெப்ரவரி 11, ஞாயிறு

வேட்டைச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். பதினான்கு பேர். கோப்பியும் காய்ந்த கேக்கும். தலைவர் யென்ஸ் எழுந்து நின்று, ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து டென்மார்க்கில் ஈயச் சன்னத்தால் மான் சுட முடியாது என்று கடிதத்தை வாசித்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். கடைச் செப்புச் சன்னத்தை முன்னமே வாங்கி வைத்துவிட்டார்கள் போல.

நான் கையை உயர்த்தினேன். என் துவக்கு நாற்பது வருடப் பழையது. கடையில் விற்கும் செப்புச் சன்னத்தை அதில் போட்டுச் சோதித்துவிட்டேன். நூறு மீற்றரில் ஒரு சாண் விலகுகிறது. சட்டம் எழுதியவர் எப்போதாவது ஒரு துவக்குக் குழலுக்குள் எட்டிப் பார்த்தாரா என்று கேட்டேன். சிரித்தார்கள். முப்பத்தொரு வருடமாக இந்தச் சங்கத்தில் இருக்கிறேன். நான் எதைக் கேட்டாலும் முதலில் சிரிப்பு வரும், பிறகுதான் பதில் வரும். புதுத் துவக்கு வாங்கலாமே, அருள் என்றார் யென்ஸ். அருளம்பலம் என்ற பெயரை முப்பத்தொரு வருடத்தில் ஒருவரும் முழுதாகச் சொன்னதில்லை.

எனக்கு வேண்டிய சன்னத்தை நானே கடைந்துகொள்வேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கேக்கைத் தொடவில்லை.

பெப்ரவரி 13, செவ்வாய்

பனி வழித்தேன். முதுகு பிடித்துக்கொண்டது.

பெப்ரவரி 18, ஞாயிறு

தர்சினி தொலைபேசி எடுத்தாள். என் ஒரே மகள். ஆர்ஹூஸில் பல் வைத்தியசாலையில் வேலை. ஞாயிறு பத்து மணிக்கு எடுப்பாள், நாலு நிமிடம் கதைப்பாள். பிரஷர் குளிசை போட்டீர்களா, பனி வழித்தீர்களா, அவ்வளவுதான். அவள் தாய் இருந்தபோது ஒரு மணித்தியாலம் போகும். தாய் போய் நாலு வருடம்.

ஈயத்தைப் பற்றி வாசித்தேன். நூலகத்திலிருந்து நாலு புத்தகம். ஈயம் மெதுவானது, பாரமானது. மிருகத்தில் பட்டதும் காளான் போல விரிந்து உள்ளே நின்றுவிடும். அதனால்தான் இருநூறு வருடம் அதை ஒருவரும் மாற்றவில்லை. ஆனால் விரியும்போது தூளாகச் சிந்துகிறது. சுட்ட மான் ஒன்றின் எக்ஸ்ரே படம் ஒரு புத்தகத்தில் இருக்கிறது. சன்னம் போன பாதையைச் சுற்றி, கண்ணுக்கும் பல்லுக்கும் அகப்படாத நூற்றுக்கணக்கான பொட்டுகள். காயத்தைச் சுற்றி ஒரு சாண் இறைச்சியை வெட்டி எறிந்தாலும் அதற்கப்பாலும் இருக்குமாம்.

நான் காயத்தைச் சுற்றி நாலு விரல் அகலம்தான் வெட்டி எறிவேன். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்.

சங்கத்துச் சஞ்சிகையில், பதினெட்டாம் பக்கம், ஒரு சின்னக் கட்டத்துக்குள், கர்ப்பிணிகள் ஈயத்தால் சுட்ட இறைச்சியைத் தவிர்ப்பது நல்லது என்று போட்டிருந்தது. அது வந்தது இரண்டு வருடத்துக்கு முந்திய ஒக்டோபரில், தர்சினியின் விசயம் நடந்து பத்தாம் நாள். வைத்தியர்கள் காரணம் தெரியாது என்றுதான் சொன்னார்கள். தெரியாது என்றால் தெரியாது. ஆறாம் மாதத்தில் தங்காமல் போவது உலகத்தில் நடக்காததல்ல. தர்சினியும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு அவள் இந்த வீட்டில் தேத்தண்ணி தவிர வேறொன்றும் வாயில் வைத்ததில்லை. முன்பெல்லாம் மார்கழியில் மான் இறைச்சிக் கறிக்கென்றே வருவாள்.

அந்தக் கட்டத்தை நான் நம்பவில்லை. நம்புகிறேன் என்பதற்காக நான் இதைச் செய்யவும் இல்லை.

மார்ச் 2, சனி

செம்பு சரிவரவில்லை. கார் நிறுத்தும் கொட்டகையில் என் சின்ன லேத் நிற்கிறது, குழாய்த் தொழிற்சாலை மூடியபோது அங்கிருந்து எடுத்தது. செம்பைக் கடைந்தால் வெட்டுளியில் பிசின் மாதிரி ஒட்டுகிறது. சுருள் நீண்டு, நூடில்ஸ் மாதிரி கடையும் துண்டைச் சுற்றிக்கொள்கிறது. முனையில் குழி துளைத்தால் துளை வாய் பிய்கிறது. ஒன்பது கடைந்தேன். ஒன்பதும் ஒன்பது அளவு.

தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் பித்தளை கடைந்தவன் நான். படித்தது ஒன்றுமில்லை, கிளிநொச்சியில் ஒரு தண்ணீர்ப் பம்ப் திருத்தும் கடையில் பார்த்துப் பழகியதுதான். ஆனால் மூன்று பொறியியலாளர்கள் கண்டுபிடிக்க முடியாத அதிர்வை நான் காதால் கண்டுபிடித்திருக்கிறேன். பித்தளைக் கம்பிகளுக்குப் பெயரெல்லாம் உண்டு, நாங்கள் முனையில் பூசிய வர்ணத்தைப் பார்த்து எடுப்போம். மஞ்சள் முனைப் பித்தளை லேத்துக்கு வெண்ணெய். தூள் தூளாக உதிரும், உளி சூடாகாது, கண்ணாடி மாதிரி மேற்பரப்பு வரும். கடைசி வருடங்களில் பச்சை முனை என்று ஒன்றை இறக்கினார்கள். செம்பு போலவே ஒட்டல், சுருள், உளி தேய்வு. கம்பனியை யாரோ ஏமாற்றுகிறார்கள், இது மட்டமான பித்தளை என்று இரண்டு பக்கத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். பொறியியலாளர் அதைச் சாப்பாட்டு அறையில் வைத்து வாசித்துக் காட்டினார். அடுத்த திங்கள் என்னைப் பொதி கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். மூன்று வருடம் பெட்டி மடித்துவிட்டு ஓய்வு பெற்றேன். அறிவித்தல் பலகையில் ஏதோ விளக்கம் ஒட்டியிருந்ததாம். என்னிடம் நேரே சொல்லாததை நான் வாசிப்பதில்லை.

உலோக வியாபாரியிடம் மஞ்சள் முனைக் கம்பி இரண்டு கேட்டு எழுதினேன்.

மார்ச் 10, ஞாயிறு

பித்தளையில் வந்துவிட்டது. பித்தளை ஈயத்தைவிட இலேசு, ஆகவே அதே பாரம் வேண்டுமென்றால் சன்னம் நீள வேண்டும். நீண்டால் என் பழைய குழலில் தள்ளாடும். கடைச் சன்னம் விலகியதும் அதனால்தான். பாரத்தைக் குறைத்தேன், நீளத்தை ஈயத்தின் அளவிலேயே விட்டேன். உடம்பில் மூன்று வளையம் மட்டும் குழலைத் தொடும்படி மற்ற இடத்தைத் தாழ்த்தினேன். முனையில் ஆழமில்லாத குழி, அதற்குள் மூன்று கீறல். பட்டதும் மூன்று இதழாகப் பிரிய வேண்டும்.

குளியல் தொட்டியில் விளம்பரப் பத்திரிகைகளை இரண்டு நாள் ஊறவைத்து, கட்டாகக் கட்டி, பௌலின் வயலில் வைத்துச் சுட்டேன். பௌல் என் பக்கத்துக் கமக்காரர், எண்பது வயது. நான் வேட்டையாடுவது அவர் காணியில்தான். தோட்டாவில் வெடிமருந்தேற்றும் உரிமம் எனக்கு உண்டு. முதல் ஆறும் ஊசி மாதிரித் துளைத்துக்கொண்டு போயின. குழியை அகலமாக்கினேன். ஏழாவது திறந்தது. மூன்று இதழும் உடைந்து தனித்தனியே, சுத்தமான துண்டுகளாகக் கிடந்தன. தூள் இல்லை, சிந்தல் இல்லை. ஈரப் பத்திரிகைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கையில் வைத்துப் பார்த்தேன்.

குலசிங்கம் வந்திருந்தான். எண்பத்தாறில் என்னோடு ஒரே விமானத்தில் வந்தவன். என் துவக்கு அவனுக்குத் தீராத பகிடி.

"ஊரெல்லாம் துவக்குக்குப் பயந்து இஞ்ச ஓடி வந்தது. நீர் ஒராள்தான் இஞ்ச வந்து காசு குடுத்துத் துவக்கு வாங்கினனீர். இப்ப சன்னமும் செய்யிறீர். இனி இயக்கம் தொடங்கிறதுதான் மிச்சம்."

அவன் போன பிறகு குளியல் தொட்டியைக் கழுவ ஒரு மணித்தியாலம் ஆயிற்று. அச்சு மை போகவில்லை.

மார்ச் 31, ஞாயிறு

தர்சினியும் மருமகன் நிரூபனும் வந்தார்கள். சொல்லிவிட்டு வந்ததால் வடை சுட்டு வைத்தேன். நிரூபன் ஐந்து சாப்பிட்டார். அவள் தேத்தண்ணி குடித்தாள்.

நாலாம் மாதமாம். தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நல்லது என்றேன். பிறகு நான் சன்னத்தைக் காட்டினேன். ஈயம் ஒரு துளியும் இல்லை, முழுக்கப் பித்தளை, கிண்ணமும் குத்துவிளக்கும் செய்கிற பித்தளை என்று விளக்கினேன். எக்ஸ்ரே படம், வளையம், இதழ் எல்லாம் சொன்னேன். நிரூபன் உருட்டி உருட்டிப் பார்த்தார். மே பதினாறில் கலைமான் வேட்டைப் பருவம் திறக்கும், முதல் மான் உனக்கு, நீ பயமில்லாமல் சாப்பிடலாம் என்றேன்.

அவள் என்னைக் கனநேரம் பார்த்தாள். "சரியப்பா, தாங்கோ" என்றாள்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு. அவர்கள் போன பிறகு மிச்ச வடையை நின்றபடியே சாப்பிட்டேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப் பிறப்பு. மழை. கோயிலுக்குப் போகவில்லை. சன்னம் பன்னிரண்டு கடைந்தேன், பன்னிரண்டும் ஒரே பாரம்.

மே 16, வியாழன்

விடியக் காலை ஐந்து மணிக்குப் பௌலின் காட்டோரம். பனிப்புகார். ஆறு பத்துக்கு ஒரு கலைமான் புல்வெளிக்கு வந்தது, மூன்று வயதிருக்கும். தொண்ணூறு மீற்றர். சுட்டதும் இருபது அடி ஓடி விழுந்தது.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. விழுந்த மானின் வாயில் ஒரு பச்சைக் கொப்பு வைப்பார்கள், கடைசிக் கவளம். பௌல் ஓக் கொப்பு ஒடித்து வந்து வைத்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒரு நிமிடம் நின்றோம். ஊரில் வாய்க்கரிசி போடுவது எனக்கு நினைவு வரும். ஒருமுறை பௌலுக்குச் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

உரித்தபோது சன்னத்தின் உடம்பு மறுபக்கத் தோலடியில் கிடைத்தது. இதழ் இரண்டு நெஞ்சுக்கூட்டில் கிடைத்தன. மூன்றாவதைக் காணவில்லை. தோட்பட்டையில் ஒரு சின்னக் கீறல் இருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன், ஒன்றுமில்லை. வெளியே போயிருக்கும். போனாலென்ன, போகாவிட்டாலென்ன, பித்தளைதானே, பல்லில் கடிபட்டால் துப்பிவிடலாம்.

மே 19, ஞாயிறு

நிரூபன் வந்து எடுத்துப் போனார். ஐந்து பொதி. தோட்பட்டை, தொடை இரண்டு, முதுகுத் துண்டு, எலும்பு. ஒவ்வொன்றிலும் திகதியும் "ஈயமில்லை" என்றும் எழுதினேன். அவள் தாய் போடுகிற மாதிரி கறிச் சரக்குத்தூள் வறுத்து ஒரு போத்தலில் கொடுத்துவிட்டேன்.

மே 26, ஞாயிறு

தர்சினி பத்து மணிக்கு எடுத்தாள். நல்ல ருசியாம். தொடை இறைச்சி வெண்ணெய் மாதிரி அவிந்ததாம். பதினொரு நிமிடம் கதைத்தாள். பிறகு புல் வெட்டினேன், வேலி மதில் ஓரமெல்லாம் வெட்டினேன், பௌலின் பக்கத்தையும் வெட்டினேன்.

மே 29, புதன்

யென்ஸின் கடிதம். நானே கடைந்த சன்னத்தால் சுட்டதாகக் கேள்விப்பட்டாராம். சங்கத்துக்குப் பொறுப்பு இருக்கிறதாம். உலோகத்துக்கு உரிய பகுப்பாய்வுப் பத்திரம் இருந்தால் ஒரு பிரதி தர வேண்டுமாம். அவனவன் கடையில் பெட்டி வாங்கிப் போடுகிறான், அவனிடம் பத்திரம் கேட்பதில்லை.

கேட்டால் கொடுப்பேன். சட்டம் போட்டு அவர் வீட்டுச் சுவரில் மாட்டலாம். உலோக வியாபாரிக்கு எழுதினேன்.

யூன் 6, வியாழன்

பத்திரம் வந்தது.

செம்பு ஐம்பத்தெட்டு. துத்தநாகம் முப்பத்தொன்பது. ஈயம் மூன்று.

வேறு யாருடைய பத்திரத்தையோ மாறி அனுப்பிவிட்டார்கள் என்று தொலைபேசி எடுத்தேன். ஒரு பெண் பேசினாள், பொறுமையான குரல். மாறவில்லை, மஞ்சள் முனை அதுதான் என்றாள். அது அவ்வளவு நன்றாக உதிர்வதே ஈயத்தால்தானாம். பித்தளைக்குள் ஈயம் சின்னச் சின்னப் பொட்டாகக் கலந்து நிற்கும், உளி படும்போது அந்தப் பொட்டில்தான் சுருள் முறியும். லேத்காரருக்கு இது தெரிந்த விசயம்தானே என்று சிரித்தாள். ஈயமில்லாமல் வேண்டுமென்றால் பச்சை முனை இருக்கிறது, கடைவது கொஞ்சம் கஷ்டம், குடிதண்ணீர்க் குழாய்க்கென்று வந்தது, அனுப்பட்டுமா என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன்.

இருபத்தேழு வருடம் அந்தத் தூளைக் கையால் கூட்டி அள்ளியவன். அவர்கள் ஈயத்தை எடுத்துவிட்டுத் தந்ததைத்தான் மட்டமானது என்று இரண்டு பக்கத்தில் எழுதினேன்.

யூன் 7, வெள்ளி

நேற்றுச் சாப்பிடவில்லை. இன்று பாணும் சம்பலும். குலசிங்கத்துக்குச் சொன்னேன். வேறு ஆரிடம் சொல்வது.

"மூண்டு வீதம். அதுவும் சிந்தாத துண்டுக்குள்ள. மலையில ஒரு கடுகு. ஆருக்குத் தெரியப் போகுது? பத்திரத்தைக் கிழிச்சு அடுப்பில போட்டிட்டு வாயை மூடிக்கொண்டு இரும். வயிறும் தானுமா இருக்கிற பிள்ளையை ஏன் பயப்பிடுத்திறீர்? இரண்டு வருசத்துக்குப் பிறகு இப்பதான் உம்மோட முகம் குடுத்துக் கதைக்கிறாள்."

அவன் சொல்வது கணக்குப்படி சரி. நானும் கணக்குப் பார்த்தேன். ஒரு இதழின் பாரத்தில் நூற்றுக்கு மூன்று, அதில் கரையக்கூடியது எவ்வளவு. எதுவுமில்லை என்றே சொல்லலாம். அன்றும் எதுவுமில்லை என்றுதான் சொல்லிக்கொண்டேன். நாலு விரல் வெட்டி எறிந்தால் போதும் என்று.

ஆறாம் மாதம் நடக்கிறது. போன முறையும் அதே மாதம்.

தொலைபேசியைக் கையில் எடுத்து மூன்று தரம் வைத்தேன். இதைத் தொலைபேசியில் சொல்லக்கூடாது. அவள் "சரியப்பா" என்று சொல்லி வைத்துவிட்டால் அதற்குப் பிறகு நான் எங்கே நிற்பது.

யூன் 8, சனி

குளிர்ப்பெட்டியில் ஐஸ் கட்டிகளைப் போட்டுக்கொண்டு எட்டரை ரயிலில் ஆர்ஹூஸ் போனேன். மிச்சமிருக்கும் இறைச்சியையாவது திருப்பி எடுத்துவர வேண்டும். ரயிலில் எதிரே இருந்த பெண் மீன்பிடிக்கப் போகிறீர்களா என்று கேட்டாள். ஓம் என்றேன்.

தர்சினி கதவைத் திறந்து என்னையும் பெட்டியையும் பார்த்தாள். வயிறு நன்றாகத் தெரிகிறது. நிரூபன் வேலைக்குப் போயிருந்தார். உள்ளே வாங்கோ என்றாள். நான் சப்பாத்தைக் கழற்றவில்லை. கழற்றினால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். கால்மிதியில் நின்றபடியே பத்திரத்தை நீட்டினேன்.

"பித்தளைக்குள்ள ஈயம் இருக்கு. மூண்டு வீதம். நான் இல்லையெண்டு சொன்னது பிழை. நீ எவ்வளவு சாப்பிட்டனீ?"

அவள் பத்திரத்தை வாசிக்கவில்லை. சமையலறைக்குப் போனாள். நான் சப்பாத்தோடு பின்னால் போனேன். உறைபெட்டியின் கீழ்த்தட்டை இழுத்தாள். ஐந்து பொதியும் இருந்தன. நான் போட்ட முடிச்சுகூட அவிழவில்லை. சரக்குத்தூள் போத்தலும் பக்கத்தில் இருந்தது.

"ருசியா இருந்ததெண்டு சொன்னனீ."

"சொன்னனான்."

"வெண்ணெய் மாதிரி அவிஞ்சதெண்டு."

"நீங்கள் சந்தோசப்படுவியள் எண்டு சொன்னனான் அப்பா."

கதிரையில் இருந்தேன். நல்ல காலம் என்று முதலில் நினைத்தேன். அதே நேரம் அந்தப் பதினொரு நிமிடத்தையும் நினைத்தேன். என்னைப் பொய்யால் ஏமாற்றியிருக்கிறாள் என்று கோபமும் வந்தது. வந்ததை எழுதத்தான் வேண்டும்.

என்னை நம்பவில்லை, அப்படித்தானே, இரண்டு வருடமாக ஈயத்துக்காகத்தானே என் வீட்டில் கை நனைக்கவில்லை என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. அவள் எதிரில் மெல்ல இருந்தாள். ஒரு கையை மேசையில் ஊன்றித்தான் இருக்க முடிகிறது.

"நான் ஒருநாளும் ஈயத்தைப் பற்றிக் கதைக்கேல்லை. நீங்கள்தான் கதைச்சனீங்கள். எடுத்தால் ஈயம், வைச்சால் ஈயம். உங்கட மேசையில இருந்தால் நீங்கள் என்னைப் பாக்கிறேல்லை, என்ர சோத்துக் கோப்பையைப் பாக்கிறியள். எனக்கு எப்பிடிச் சோறு இறங்கும்?"

அவள் நிறுத்தவில்லை.

"அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டனீங்களே அப்பா? ஆம்பிளையோ பொம்பிளையோ எண்டாவது?"

உறைபெட்டி திறந்தபடி கிடந்ததால் கூவத் தொடங்கியது. எழுந்து அதை மூடினேன். மூடிவிட்டு அதன் முன்னாலேயே நின்றேன், முதுகை அவளுக்குக் காட்டிக்கொண்டு. கேள்வி தெரியும். இரண்டு வருடமாகத் தெரியும். கேட்டால், பிள்ளை என்று ஒன்று இருந்தது என்றாகிவிடும். அதுவரைக்கும் அது "விசயம்".

"ஆம்பிளையோ, பொம்பிளையோ?" என்று கேட்டேன்.

"பொம்பிளைப் பிள்ளை. நானூற்றி எண்பது கிராம். தலை நிறைய மயிர்."

"பேர் வைச்சனீங்களே?"

"மாதுமை."

திரும்பி அவளைப் பார்த்தேன். அழவில்லை. அழுது முடித்து நாளாகிவிட்ட முகம். என்னால்தானா என்று அடுத்ததாகக் கேட்டேன். அதைக் கேட்க வேண்டுமென்று நான் நினைத்திருக்கவில்லை.

"தெரியாதப்பா. ஒருத்தருக்கும் தெரியாது. நானும் ஆசையாத்தான் சாப்பிட்டனான்."

பிறகு சோறு போட்டாள். பருப்பும் கத்தரிக்காயும். இரண்டு பேரும் சாப்பிட்டோம். நான் என் கோப்பையையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன், இடைக்கிடை அவளையும் பார்த்தேன். சப்பாத்து இன்னும் காலில் இருந்ததை அவள்தான் சொன்னாள்.

இரவு இங்கேயே நிற்கச் சொல்லியிருக்கிறாள். இதை நிரூபன் தந்த கடதாசியில் எழுதுகிறேன், வீட்டுக்குப் போய்க் கொப்பியில் ஒட்ட வேண்டும்.

யூன் 9, ஞாயிறு

பத்து மணிக்கு யாரும் தொலைபேசி எடுக்கவில்லை. மூன்று பேரும் நடந்து போனோம். அவர்கள் வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிடம். இந்தப் பன்னிரண்டு நிமிடத்தை அவள் ஒவ்வொரு ஞாயிறும் நடக்கிறாள், திரும்பி வந்துதான் எனக்கு எடுக்கிறாள்.

மயானத்தின் கிழக்கு மூலையில் குழந்தைகளுக்கென்று ஒரு புல்தரை. கைப்பிடி அளவுக் கற்கள். பொம்மை வைத்திருக்கிறார்கள், காற்றாடி குத்தியிருக்கிறார்கள். மாதுமையின் கல் இரண்டாவது வரிசையில், சாம்பல் நிறம், ஒரு திகதிதான். கல் இடது பக்கம் சரிந்திருந்தது. மூன்று பாகை இருக்கும். அடியில் சரளை போடாமல் நட்டிருக்கிறார்கள், மண் இளகிவிட்டது. நான் குந்தியிருந்து கையை வைத்து அசைத்துப் பார்த்தேன். அடுத்த முறை வரும்போது மட்டப்பலகையும் ஒரு வாளி சரளையும் கொண்டுவந்தால் அரை மணித்தியாலத்தில் நிமிர்த்திவிடலாம் என்றேன்.

"வேண்டாமப்பா. அந்தப் பக்கம் பாசி பிடிச்சு வடிவா வருகுது. அப்பிடியே இருக்கட்டும்" என்றாள் தர்சினி.

கையை எடுத்தேன். இருக்கட்டும் என்றேன்.